கோச்சிப் பாதையும் குறுக்குப் பாதையும்

(கந்தப்பளையில் நிகழ்த்தப்பட்ட பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கந்தப்பளைக்கு ஒரு காலத்தில் கோச்சி வந்தது என்று சொன்னால், இன்றைய பிள்ளைகள் பலர் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் வந்தது. நானுஓயாவில் பெரிய ரயில்பாதையை விட்டுப் பிரிந்து, நுவரெலியா, கந்தப்பளை, புரூக்சைட் என்று வளைந்து வளைந்து இராகலை வரை சுமார் 31 கிலோமீட்டர் ஓடிய சின்னக் கோச்சி அது. தண்டவாளத்தின் அகலம் 2 அடி 6 அங்குலம்தான். 1903இல் நுவரெலியா வரையும், மறுவருடம் இராகலை வரையும் பாதை திறந்தார்கள். ஏட்டில் அதற்கு உடப்புசல்லாவ ரயில்பாதை என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், உடப்புசல்லாவையை அது கடைசிவரை எட்டிப் பார்க்கவே இல்லை, இராகலையோடு நின்றுவிட்டது. இன்று இலங்கையில் உள்ள ரயில்பாதைகளில் மிக உயரத்துக்கு ஏறுவது பட்டிப்பொல வழியாகப் போகும் பதுளைப் பாதை. அதன் உச்சி 6,200 அடியைச் சற்றுத் தாண்டும். கந்தப்பளை ஸ்டேஷன் இருந்ததோ 6,300 அடிக்கு மேல்.

அந்தக் கோச்சி ஆட்களுக்காகப் போட்டதல்ல. தேயிலைப் பெட்டி கீழே இறங்க வேண்டும், அரிசி மூட்டையும் உரமும் மேலே ஏற வேண்டும். அதற்காகத்தான் 24 அடிக்கு ஓரடி ஏறும் செங்குத்தான மலையில் பாதை வெட்டினார்கள். ரோட்டில் லொறி ஓடத் தொடங்கியதும் கோச்சியின் கணக்கு நட்டத்தில் விழுந்தது. 1940களில் பாதையை மூடித் தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்தார்கள். இப்போது இந்தப் பக்கத்தில் குறுகிய ரயில்பாதைப் பெட்டி ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால், ஹெதர்செட் தோட்டத்துப் பழைய ஸ்டோருக்குப் போக வேண்டும். தேயிலை அரைப்பதை நிறுத்திப் பல வருடங்கள் பூட்டிக் கிடந்த அந்த ஸ்டோர் 1996இல் ஹோட்டலாக மாறியது. அங்கே ஒரு ரயில் பெட்டியைச் சாப்பாட்டு அறையாக்கி வைத்திருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்தாளிக்கு, இந்த மலையில் கோச்சி போன பாதையைக் கல்லுடைத்துப் போட்டது யார் என்று சொல்ல ஆள் உண்டா என்பதுதான் இன்றைய பேச்சின் விஷயம்.

மலையகத்தில் இப்போது பாதைகளுக்கு ஒரு புது மவுசு வந்திருக்கிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா பீட்ரு தோட்டத்தில் முடியும் பீக்கோ ட்ரெயில் என்ற நடைவழி 300 கிலோமீட்டருக்கு மேல் நீளமானது. அதை 22 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கலஹா, லூல்கந்துர, தவலந்தென்ன, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம என்று மேற்கே சுற்றி, ஹோர்ட்டன் சமவெளியைத் தாண்டி, ஹப்புத்தளை, எல்ல பக்கமாக ஊவாவுக்குள் இறங்கி, உடப்புசல்லாவைப் பக்கமாக மறுபடி ஏறி வருகிறது. கடைசிக் கட்டம் கந்தப்பளையிலிருந்து பீட்ருவுக்கு. இலங்கையில் நெடுங்காலம் சுற்றுலாத் தொழில் செய்துவரும் ஸ்பானியர் மிகேல் குனாட் என்பவரின் யோசனை இது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யுஎஸ்எய்டும் பணம் கொடுத்தன. புதிதாக ரோடு எதுவும் போடவில்லை. கொழுந்து மூட்டை போன பாதை, வேலையாட்கள் மலைக்கு ஏறிய பாதை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் குறுக்குப் பாதை, ரயில் தண்டவாள ஓரம் எல்லாவற்றையும் கோத்து, அம்புக்குறி வைத்து, வரைபடம் போட்டார்கள். அவ்வளவுதான். அவ்வளவு எளிதாகச் செய்ய முடிந்ததற்குக் காரணம், பாதைகள் ஏற்கெனவே இருந்தன.

நல்ல வேலைதான், அதில் மறுபேச்சு இல்லை. பஸ்ஸில் வந்து அருவியைப் படம் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்களைவிட, தோட்டத்துக்குள் நடந்து போகிறவன் ஒரு டீக்கடையிலாவது உட்காருவான். ஆனால் நடக்கிறவனுக்குச் சொல்லப்படும் கதை தேயிலையின் கதை. ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். சேர் தோமஸ் லிப்டன் தம்பேதன்னைக்கு மேலே உட்கார்ந்து மலையைப் பார்த்தார். டெய்லருக்கு ஒரு இருக்கை, லிப்டனுக்கு ஒரு இருக்கை. உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் அடையாளம் இருக்கிறது. நின்றபடி வேலை செய்தவர்களுக்கு எங்கே அடையாளம்?

பாதையின் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் அது டெய்லருக்கு முன்னாலேயே ஆரம்பிக்கிறது. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரோடு போட்டார். கப்டன் டோசன் அந்த வேலையை நடத்தினார். கடுகண்ணாவையில் அவருக்கு ஒரு கோபுரம் நிற்கிறது. சிங்களக் கிராமத்து ஆட்களை ராஜகாரிய முறையில் கூலியில்லாமல் பிடித்து வேலை வாங்கினார்கள். 1830களின் தொடக்கத்தில் ராஜகாரியம் ஒழிந்தது. அதன்பின் ரோட்டு வேலையின் பெரும்பாரம் பயனியர் படை என்ற அணியின் மேல் விழுந்தது. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்த ஆட்கள் அதில் ஏராளம். பதின்ம வயதில் படையில் சேர்ந்து, பிறகு ரோட்டு ஆணையாளராகி, மலைநாட்டுப் பாதைகளைத் திட்டமிட்ட தோமஸ் ஸ்கின்னரின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. அவருக்குக் கீழே பிக்காசு பிடித்தவர்கள் பெயரில்லாமல் போனார்கள்.

1848இல் இன்னொரு சட்டம் வந்தது. 18 வயது முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் வருடத்தில் 6 நாள் ரோட்டு வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் 3 ஷில்லிங் கட்ட வேண்டும். மாத்தளைக் கலவரத்துக்கு அந்த வரியும் ஒரு காரணம். தோட்டத்து இந்திய வேலையாட்களுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இருந்தது. சலுகை போலத் தோன்றும். உண்மையில் தோட்டத் துரைமாருக்குத் தங்கள் ஆட்களின் 6 நாளை அரசாங்கத்துக்கு விட மனமில்லை.

அந்த ஆட்கள் வந்த வழிதான் இந்த நாட்டின் மிகப் பெரிய மரபுப் பாதை. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து தோணியில் தலைமன்னார்ப் பக்கம் இறங்கி, மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். சுமார் 150 மைல். இடையில் தண்ணீர் இல்லாத காடு, காலரா, அம்மை, காய்ச்சல். ஆள் சேர்த்த கங்காணி முன்னே போவார், பின்னே வரிசையாக ஆண், பெண், பிள்ளைகள். விழுந்தவர்களைத் தூக்கிப் போக ஆளில்லை. 1840களில் மட்டும் இப்படி வந்தவர்களில் 70,000 பேர் வரை செத்திருக்கலாம் என்று கொழும்பு ஒப்சர்வர் பத்திரிகை 1849இல் கணக்குப் போட்டது.  1899இல் கொள்ளைநோய்ப் பயத்தில் அந்த வடக்குப் பாதையை மூடினார்கள். மண்டபம் முகாமும், ஆளுக்கு அடையாளமான தகரத் துண்டும் வந்தன. 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தபோது நடைப்பயணம் பழங்கதையாயிற்று. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எழுதிய பிறகு அதே தலைமன்னார் வழியாகத்தான் ஆயிரமாயிரம் குடும்பங்கள் திரும்பிப் போயின. வழியனுப்ப வந்தவர்கள் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அழுததால் அந்த ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர்.

2023இல் மலையக மக்கள் வந்து 200 வருடமானதை நினைத்து, ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற கூட்டமைப்பு தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடத்தியது. ஜூலைக் கடைசியில் புறப்பட்டவர்கள் ஆகஸ்ட் 12 அன்று மாத்தளைக்குள் நுழைந்தார்கள். வழியில் சிங்கள, முஸ்லிம் ஊர்க்காரர்கள் தண்ணீர் கொடுத்தார்கள், சாப்பாடு கொடுத்தார்கள். அவர்கள் நடந்த வழியில் அம்புக்குறியும் இல்லை, கட்ட எண்ணும் இல்லை. நிலம், வீடு, சம உரிமை என்ற கோரிக்கைகள் இருந்தன. பீக்கோ ட்ரெயில் சூடுபிடித்துக்கொண்டிருந்ததும் அதே காலத்தில்தான். ஒன்றை வெளிநாட்டு உதவி வளர்த்தது, மற்றதைக் கால்கள் நடத்தின. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை.

பாதை போட்டவர்களை மறப்பது நம்முடைய மலைக்கு மட்டும் வந்த வியாதியும் அல்ல. கனடாவின் நடுப்பகுதியில் மனிட்டோபா, சஸ்காச்சுவான், அல்பர்ட்டா என்று மூன்று மாகாணங்கள் இருக்கின்றன. கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, கோதுமை வயல். அங்கே ரெட் கோட் ட்ரெயில் என்று ஒரு மரபு நெடுஞ்சாலை உண்டு. ஏற்கெனவே இருந்த ரோடுகளைக் கோத்துப் பெயர் வைத்ததுதான். சஸ்காச்சுவானில் 13ஆம் இலக்க நெடுஞ்சாலையாக ஓடுகிறது. 1874இல் சிவப்புக் கோட்டுப் போட்ட குதிரைப் பொலிஸ்காரர் சுமார் 275 பேர் மேற்கே போன பயணத்தின் நினைவாக அந்தப் பெயர். ஆனால் அந்தப் பொலிஸ்காரர்கள் வழி தெரியாமல் திண்டாடினார்கள், மாடும் குதிரையும் செத்தன. தேடிப் போன கோட்டையைக் கண்டுபிடிக்க முடியாமல், கடைசியில் ஜெரி பொட்ஸ் என்ற ஆளைக் கூலிக்கு அமர்த்தினார்கள். தாய் பழங்குடிப் பெண், தகப்பன் ஸ்கொட்லாந்துக்காரர். அவர்தான் கூட்டிப்போய்ச் சேர்த்தார். அதற்கும் முன்னால், ஆணி ஒன்றுகூட இல்லாமல் முழுக்க மரத்தாலேயே செய்த வண்டிகளில், பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழியில் வந்த மேட்டி மக்கள் அந்தப் புல்வெளியைப் பல தலைமுறையாகக் குறுக்கறுத்துப் போய்வந்தார்கள். அச்சில் எண்ணெய் போட மாட்டார்கள், புழுதி ஒட்டும் என்று. வண்டியின் கிறீச்சொலி மைல் கணக்கில் கேட்குமாம். பாதையைத் தேய்த்துப் பாதையாக்கியது அந்தச் சக்கரங்கள். பலகையில் ஏறியது கோட்டின் நிறம்.

ஆனால் கனடாக்காரர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. மனிட்டோபாவில் இங்லிஸ் என்ற சின்ன ஊரில், ரயில் நின்றுபோன பாதை ஓரத்தில், பலகையால் கட்டிய பழைய தானியக் களஞ்சியங்கள் வரிசையாக நிற்கின்றன. இடித்துத் தள்ள வேண்டியவற்றை ஊர்க்காரர்கள் பிடித்து வைத்து, தேசிய மரபிடமாக ஆக்க வைத்தார்கள். ஊர்க்காரர்கள் கைவைத்தால் கதை மாறும்.

பீக்கோ ட்ரெயிலில் ஊர்க்காரர்கள் கைவைத்தால் என்னென்ன சொல்லலாம்? லூல்கந்துரவில் டெய்லரின் மரக்குடிசைக் கணப்பு அடுப்பைக் காட்டுகிறார்கள். லூல்கந்துர இருக்கும் அதே ஹேவாஹெட்டைப் பகுதியில்தான் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. 16 சதக் கூலி உயர்வுக்காக நடந்த வேலைநிறுத்தத்தில் 1940 ஜனவரி 10 அன்று கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் செத்தார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் உயிர்ப்பலி என்று அவரைச் சொல்வார்கள். பூண்டுலோயாவிலிருந்து வட்டகொடைக்குப் போகும் கட்டம், சி.வி. வேலுப்பிள்ளை 1914இல் பிறந்த மடக்கும்புரத் தோட்டத்துப் பக்கத்தைச் சேர்ந்தது. தோட்டத்து லயம் என்ற வரிசை வீடுகளில் பாடிய பாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர்; 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று முதல் பாராளுமன்றத்தில் இருந்தவர். அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்து, வாக்குப் போட்டவர்களையே நாடற்றவர்களாக்கியது.

ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்கு ஏ7 ரோட்டில் வருகிறவர்கள் டெவோன் அருவியின் எதிரே வண்டியை நிறுத்தாமல் போவதில்லை. நிறுத்துகிற ஒவ்வொருவரும் தண்ணீரைப் பார்க்கிறார்கள். 1977 மே 11 அன்று, தோட்டக் காணி 7,000 ஏக்கரைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் என்ற இளைஞன் சுடப்பட்டது அந்த டெவோன் தோட்டத்தில்தான். அந்தப் போராட்டத்துக்குப் பிறகு காணி பிரிப்பு நின்றது. அருவிக்கு எதிரே ஒரு பலகையில் நான்கு வரி எழுதினால் போதும். படம் எடுக்க வந்தவர் வாசிக்க வேண்டியதில்லை. வாசிக்க விரும்புகிறவருக்கு அது இருக்க வேண்டும்.

தோட்டத்து ரோட்டில் யார் நடக்கலாம் என்ற கேள்வியும் பழையது. வெளியார் தோட்டத்துக்குள் காலடி வைத்தால் அத்துமீறல் என்று பிடித்துக் கொடுக்கும் காலம் ஒன்று இருந்தது. ஹட்டனைத் தளமாக வைத்து 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைக் கட்டிய கோ. நடேசய்யர், தோட்டத்துக்குள் போக வேண்டி, தலையில் துணி மூட்டையோடு புடவை வியாபாரியாக வேஷம் போட்டார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் மேடையில் பாட்டாகவே பாடி ஆட்களைக் கூட்டினார். அன்று சங்கக்காரன் மறைந்து போன ரோட்டில் இன்று முதுகுப் பையோடு வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிம்மதியாக நடக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அந்த ரோட்டில் மழைக்காலத்தில் பிரசவத்துக்குப் போகும் ஆட்டோ சேற்றில் புதைகிறதே, அதை யார் கேட்பது?

இதற்குப் பின்னால் ஒரு சட்டக் கதை உண்டு. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை நேரே செலவு செய்ய முட்டுக்கட்டை போட்டது. தோட்டம் வேறு, கிராமம் வேறு. 1992க்குப் பிறகு தோட்டங்களைக் கம்பனிகள் நடத்தின. உள்ளே இருக்கும் ரோடு கம்பனியின் கணக்கில். கொழுந்து லொறி போகிறவரைதான் கம்பனிக்கு அது ரோடு. லயம் வரை போகும் கிளைப் பாதை எந்தக் கணக்கிலும் இல்லை. 31 வருடம் கழித்து 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. வாக்கு மட்டும் அதற்கு முன்பே சபைக்குப் போய்க்கொண்டிருந்தது. 2025 நவம்பர்க் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டபோது, மண் சரிந்து துண்டாகிப் போன பாதைகளில் முதலில் மறந்துபோனவை எவை என்று தோட்டத்தார் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பாதை போட்டவர்களின் கைத்திறனை அறிய, தோட்டத்துக் கார் ரோட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேல் பக்கம் மலை வெட்டு, கீழ்ப் பக்கம் சீமெந்து துளியும் இல்லாமல் கல்லோடு கல் பூட்டி எழுப்பிய கட்டு. கல்லுக்கட்டின் முகம் உள்நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கும், மண் தள்ளினால் தாங்குவதற்கு. பெரிய கல் அடியில், இடுக்குகளில் சில்லுக் கல். ரோட்டின் ஓரம் கான். மலைக்குள் சாய்வாக ஓடும் கான்கள் எல்லாம் அதில் வந்து விழுந்து, ரோட்டுக்கு அடியில் கல்பலகை மூடிய போக்கு வழியாக மறுபக்கம் பாயும். கான் வெட்டுவது கொந்தரப்பு வேலை. நீளம் அளந்து கூலி. நூறு வருடத்துக் கல்லுக்கட்டு பல தோட்டங்களில் இன்னும் நிற்கிறது. அண்மையில் கொங்கிரீட்டில் போட்டது சில இடங்களில் வெடித்திருக்கிறது. காரணம் தெரிந்துகொள்ள எஞ்சினியர் தேவையில்லை: பழைய ஆட்கள் தண்ணீர் போக வழி விட்டுக் கட்டினார்கள்.

மலையகத்தின் கதையைச் சொல்லும் நூதனசாலைகளிலும் இரண்டு வகை உண்டு. ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலை ஸ்டோர் 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. பீக்கோ ட்ரெயில் தொடங்குவதும் அங்கேதான். இயந்திரங்கள், டெய்லரின் பொருட்கள், சுவைத்துப் பார்க்கத் தேநீர். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007இல் வேறொரு நூதனசாலை வந்தது. அது ஒரு லயம். சமூக அபிவிருத்தி நிறுவனம் என்ற அமைப்பு அமைத்தது. காம்பராவுக்குள் அம்மி, கூடை, தப்பு, பேர்ச்சீட்டு. ட்ரெயிலில் வருகிறவர் இரண்டையும் பார்த்தால் மலையகத்தைப் பாதியாவது பார்த்தவர் ஆவார். இப்போதைக்கு முதலாவதைத்தான் எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன.

ஆக, கந்தப்பளையின் பங்குக்கு வருவோம். கடைசிக் கட்டம் இங்கிருந்து புறப்படுகிறது. கரட், லீக்ஸ், உருளைக்கிழங்குத் தோட்டங்களையும் தேயிலை மலையையும் தாண்டிப் பீட்ருவுக்குப் போகிறது. இந்தக் கொஞ்சத் தூரத்துக்குள் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம் எங்கே இருந்தது, கொழுந்து நிறுத்த மடுவம் எங்கே, எந்தப் பீலியில் எந்த லயம் தண்ணீர் பிடித்தது. வரைபடத்தில் இங்கிலீஷ் பெயர் இருக்கும் மலைகளுக்கெல்லாம் ஆட்கள் வைத்த பெயர் வேறு. ஸ்டோர் இயந்திரச் சக்கரத்துக்குக் காவல் என்று ரோதைமுனியை வைத்துக் கும்பிட்டவர்கள், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுமுன் கவ்வாத்துசாமிக்குப் பொங்கல் வைத்தவர்கள் மலையகத்தார். தமிழ்நாட்டில்கூட இல்லாத சாமிகள் இவர்கள். இந்த மலையில் பிறந்தவர்கள். தேயிலையைத் தேடி வரும் வெளிநாட்டான் இதைக் கேட்டால் லிப்டனின் இருக்கையை மறந்துவிடுவான்.

சின்னக் கோச்சியைத் தன் கண்ணால் பார்த்தவர் ஒருவரையாவது தேடுவது முதல் வேலை. பார்த்தவருக்கு இப்போது எண்பதைத் தாண்டியிருக்கும். பாட்டன் சொன்னதைக் கேட்டவர்கள் இன்னும் நிறைய இருப்பார்கள். தண்டவாளம் போன தடத்தைச் சில இடங்களில் கண்ணாலேயே பிடிக்கலாம்; ரோட்டை விட்டுப் பிரிந்து, ஏற்றமே தெரியாமல் மலையைச் சுற்றிப் போகும் மட்டமான திட்டு. பாடசாலைப் பிள்ளைகள் ஒரு கொப்பியும் ஃபோனும் எடுத்துக்கொண்டு, தோட்டம் தோட்டமாகப் பெயர்களை எழுதட்டும். தோட்டத்தின் பிரிவுகளான மேல்கணக்கு, கீழ்க்கணக்கு இரண்டிலும் கேட்கட்டும், ஏனென்றால் ஒரே மலைக்கு இரண்டு கணக்கிலும் இரண்டு பெயர் இருப்பது வழக்கம். எழுதியதை மூன்று மொழியிலும் பலகையாக வைக்கப் பிரதேச சபைக்கு இப்போது சட்டத் தடையும் குறைந்திருக்கிறது. வழிகாட்டிகளாக இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் கூலியும் வேண்டும் என்று ட்ரெயிலை நடத்துகிறவர்களிடம் கேட்பது பிச்சையல்ல. பாதை போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். பலகை வைக்கப் போகும் அன்று கல்லுக்கட்டு சரிந்திருக்கும் இடங்களையும் அதே கொப்பியில் குறித்துக்கொண்டு, இரண்டு பட்டியலையும் ஒரே கடிதத்தில் சபைக்கு அனுப்பலாம்.